2024–25 ஆண்டறிக்கை: பாட்டிலில் முதிரும் ரீஸ்லிங்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடிலெய்டில் வாழும் தமிழ் பேசும் ஒயின் ஆர்வலர்களான நம் வட்டத்தின் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தாவை உயர்த்த வேண்டியதில்லை என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் சமூகக் கூடத்தில் நடந்தன. கடும் வெயிலால் ஜனவரிக் கூட்டத்தை மட்டும் தள்ளிவைத்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் இளையவர்கள் அதிகம். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சென்ற பொதுக்குழு முடிவின்படி இந்த ஆண்டை ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம்: ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் இனிப்பில்லாத, அதாவது உலர் ஒயின், பாட்டிலுக்குள் எப்படி முதிர்கிறது? இதைப் படிக்க நம்மைவிட வசதியான இடத்தில் இருப்பவர்கள் உலகத்திலேயே குறைவு. இங்கிருந்து காரில் ஈடன் பள்ளத்தாக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், கிளேர் பள்ளத்தாக்கு இரண்டு மணி நேரத்துக்குள். இந்த இரண்டு இடங்களின் உலர் ரீஸ்லிங்கும் பத்து, இருபது ஆண்டுகள் தாங்கக்கூடியது. விலையும், இதே அளவு முதிரக்கூடிய மற்ற வெள்ளை ஒயின்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இருந்தும் இந்த ஊரில் பெரும்பாலோர் வாங்கிய வருஷமே குடித்து முடித்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

ஆண்டின் முக்கியக் கூட்டம் செப்டம்பரில் நடந்தது. கிளேர் பள்ளத்தாக்கின் வாட்டர்வேலில் ஒரே தோட்டத்தில் விளைந்த ஒரே ஒயினின் 2024, 2021, 2017, 2012, 2002 அறுவடைகளை வரிசையாக வைத்தோம். இளையதிலிருந்து தொடங்கினோம். குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து 11, 12 டிகிரிக்கு வரவிட்டோம். முதிர்ந்த ரீஸ்லிங்கை ஐஸ்போலக் குளிரவைத்தால் வாசனை எழவே எழாது. புது உறுப்பினர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

2024 கிட்டத்தட்டத் தண்ணீர் நிறம், ஓரத்தில் லேசான பச்சை. எலுமிச்சம்பூ, பச்சை ஆப்பிள், நறுக்கிய லைம். வாயில் வைத்ததும் புளிப்பு நாக்கின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் பிடித்தது. இதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த கிளாஸில்தான் கூடம் அமைதியானது. 2021-இல் வாசனை என்று சொல்ல அதிகம் இல்லை. பூவும் இல்லை, பழமும் இல்லை. புளிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "கெட்டுப்போச்சா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். கெடவில்லை. நொதிக்கும்போது பிறக்கும் எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருள்கள்தான் இளம் ஒயினுக்கு அந்தப் பழ வாசனையில் பெரும்பங்கைத் தருகின்றன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவை சிதைந்து குறைந்துவிடும். முதிர்ச்சி வாசனைகளோ இன்னும் தலைகாட்டியிருக்காது. இடையில் இப்படி ஒரு வாயடைத்த காலம் வருகிறது. மூன்றாம் ஆண்டில் திறந்து பார்த்து ஏமாந்து, மீதிப் பாட்டில்களையும் விருந்தில் ஊற்றித் தீர்த்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கிளாஸை வரிசையில் வைக்கச் சொல்லிச் செயற்குழுவில் வாதாடினேன்.

2017 குளிர்ச்சியான, அறுவடை தாமதமான ஆண்டு. இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மூக்கை வைத்துச் சற்றுப் பொறுத்தால் வாட்டிய ரொட்டி வாசனை மெல்ல வருகிறது. இன்னும் ஐந்து ஆண்டு பொறுக்கலாம் என்பது பெரும்பாலோர் கருத்து, எனக்கும் அதேதான்.

2012-தான் அன்றைய மாலையின் உச்சம். இளம் தங்க நிறம். வாட்டிய ரொட்டி, வெண்ணெய் சேர்த்துக் கிண்டிய எலுமிச்சைக் கூழ், தேன், தேன்மெழுகு, அடியில் மெலிதாக மண்ணெண்ணெய். மதுரையைச் சேர்ந்த அக்கா ஒருவர், வருஷக்கணக்கில் ஊறிக் கறுத்த உப்பு நார்த்தங்காயின் மணம் என்றார். அதற்குப் பிறகு அன்று யாரும் வேறு சொல் தேடவில்லை.

இந்தக் கிளாஸைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புது உறுப்பினர்கள் பலர் இது இனிப்பு ஒயின் என்றே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இதில் சர்க்கரை லிட்டருக்கு 5 கிராமுக்கும் குறைவு, நாக்கால் கண்டுபிடிப்பதே கடினம். பன்னிரண்டு ஆண்டில் பாட்டிலுக்குள் சர்க்கரை புதிதாக உண்டாவதும் இல்லை. தேன் வாசனை மூக்குக்கு எட்டியதும் வாய் இனிப்பை எதிர்பார்த்துவிடுகிறது. புளிப்பிலும் இதே கதைதான். பழைய ரீஸ்லிங் மென்மையாகிவிட்டது, அமிலம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அமிலம் பெரிதாகக் குறைவதில்லை. அதைச் சுற்றி வாசனையும் பதமும் கூடியதால் கூர்மை மறைந்து நிற்கிறது. ரீஸ்லிங்கின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 3-ஐ ஒட்டியே இருக்கும். அந்த அமிலம்தான் இத்தனை ஆண்டு அதைக் காப்பாற்றுகிறது. மூக்கை அடைத்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள் என்று தலைவர் சொன்னார். எல்லோரும் செய்து பார்த்தோம். தேன் போய்விட்டது, புளிப்பு திரும்பி வந்தது.

அப்புறம் 2002. நல்ல குளிரான கோடை, கிளேர் ரீஸ்லிங்குக்கு இன்றும் பேசப்படும் ஆண்டு. மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டுச் சேமிப்பிலிருந்து கார்க் அடைத்ததும் திருகு மூடி போட்டதுமாக இரு வகையும் கொடுத்தார். இது ஏன் அபூர்வம் என்பதை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 1970-களிலேயே ஸ்டெல்வின் என்ற வகைத் திருகு மூடியில் ரீஸ்லிங் வந்தது. வாங்குபவர்கள் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கியதால் முயற்சி நின்றுபோனது. பிறகு 2000 அறுவடையை, கிளேரின் பத்துக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடித் திருகு மூடியில் அடைத்தார்கள். ஒருவர் மட்டும் செய்திருந்தால் மறுபடியும் தோற்றிருக்கும். சேர்ந்து நின்றதால் நாடே பின்னால் வந்தது. மாறிக்கொண்டிருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான் ஒரே ஒயின் இரண்டு மூடியிலும் கிடைத்தது.

கார்க் போட்டவற்றில் ஒன்று ஈர அட்டைப்பெட்டி நாற்றம்; கார்க்கிலிருந்து வரும் டி.சி.ஏ. என்ற கூட்டுப்பொருளின் வேலை. இன்னொன்று பழுப்பேறிச் சோர்ந்திருந்தது. மூன்றாவது மிக அருமை, அத்திப்பழமும் தேனும் வால்நட்டும். திருகு மூடிப் பாட்டில்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் இருந்தன. நிறம் இளசு, லைம் இன்னும் உயிரோடு, ஆனால் மண்ணெண்ணெய் வாசனை கார்க்கில் இருந்ததைவிடத் தெளிவு. காரணம், அந்த வாசனைப் பொருளைக் கார்க் உறிஞ்சிக்கொள்கிறது, திருகு மூடி உறிஞ்சுவதில்லை. அந்த ஒரு நல்ல கார்க் பாட்டில்தான் என் மனதுக்கு அன்று மிக நெருக்கம். ஆனால் மூன்றில் ஒன்று தேறுவதற்காக இருபது ஆண்டு காத்திருக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மண்ணெண்ணெய் பற்றி நவம்பர் கூட்டம் முழுவதும் விவாதித்தோம். அந்த வாசனைக்குக் காரணமான டி.டி.என். என்ற பொருள், முதிர்ந்த ஒயினின் மணத்தில் முக்கியப் பங்கு வகிப்பதை 1978-இல் எழுதியவர் ஆர்.எஃப். சிம்சன், நம் ஊர் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். திராட்சையின் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைவதில் அதன் தொடக்கம். பழத்தில் அது வாசனையே இல்லாத வேறு வடிவத்தில் கட்டுண்டு கிடக்கும். ஒயினின் அமிலம் ஆண்டுக்கணக்கில் அந்தக் கட்டை மெல்ல அவிழ்க்கிறது. குலையில் வெயில் எவ்வளவு பட்டதோ அவ்வளவுக்கு அது கூடும். லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் இருந்தால்தான் மூக்குக்குத் தெரியும் என்று முன்பு எண்ணினார்கள். 2 மைக்ரோகிராமே போதும் என்று பிந்தைய ஆய்வு காட்டியது.

இது குணமா குற்றமா? உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கிராமத்தில் லாந்தர் விளக்கோடு வளர்ந்தவர்கள் சிலருக்கு அந்த வாசனை பாசத்தோடு கலந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். என் கருத்தைப் பதிவு செய்கிறேன். பத்து ஆண்டு கடந்த ஒயினில் தேனுக்கும் ரொட்டிக்கும் அடியில் மெலிதாக வந்தால் அது முதிர்ச்சியின் ஓர் அங்கம், அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது. இரண்டே ஆண்டான ஒயினில் முன்னால் வந்து நின்றால், வெயிலில் வாடிய குலை என்றுதான் நினைப்பேன்.

மார்ச்சில் செய்த சேமிப்புச் சோதனை இதை இன்னும் தெளிவாக்கியது. வட்டம் வெளியீட்டின்போதே வாங்கிய 2017 ரீஸ்லிங் பெட்டியில் பாதி, 13 டிகிரி நிலவறையிலும், பாதி ஓர் உறுப்பினரின் கார் கொட்டகையிலும் இருந்தன. அடிலெய்டு கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் அருகருகே ஊற்றினோம். கொட்டகைப் பாட்டில் அடர்ந்த மஞ்சள், மண்ணெண்ணெய் தூக்கல், பழம் காய்ந்துவிட்டது. அதை யாரோ இருபது வருஷப் பழசு என்று நினைத்தார். சூடு முதிர்ச்சியை வேகப்படுத்துகிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் அல்ல, அதனால்தான் கொட்டகையில் அவசர முதிர்ச்சி ருசிப்பதில்லை. நிலவறை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்கு நடுவே, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் அடித்தட்டு, வெளிச்சம் படாமல் இருந்தால் பத்து ஆண்டுக்கு ஓரளவு போதும். சமையலறையிலும் குளிர்பெட்டியின் தலைமேலும் வைக்கவே கூடாது.

ஏப்ரலில் கிளேருக்குப் போன பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலிஷ் ஹில் ரிவர் பகுதியில் காலடியில் நொறுங்கும் பலகைக்கல்லையும், வாட்டர்வேலில் சுண்ணாம்புக்கல் மேல் படிந்த செம்மண்ணையும் கையில் எடுத்துப் பார்த்தோம். முதல் இடத்து ஒயின் இறுக்கமாகத் தொடங்கி நின்று முதிர்கிறது. இரண்டாவது இளமையிலேயே கொஞ்சம் மனம் திறக்கும். 1851-இல் ஜெசூட் பாதிரிமார் தொடங்கிய செவன்ஹில் நிலவறைகளையும் பார்த்தோம். சிலர் பழைய ரயில் பாதையில் அமைந்த ரீஸ்லிங் டிரெயிலில் சைக்கிள் ஓட்டினார்கள். எங்கே நின்றாலும் வறட்சியைப் பற்றித்தான் பேச்சு. இந்த முறை மழை அவ்வளவு பொய்த்துவிட்டது.

பழைய பாட்டில்களை ஏலத்தில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1970-கள் வரை இங்கே லேபிளில் 'கிளேர் ரீஸ்லிங்' என்று இருந்தவற்றில் பல, குரூஷென் என்ற வேறொரு திராட்சை. 'ஹன்டர் ரிவர் ரீஸ்லிங்' என்பது செமியான் என்ற இன்னொரு திராட்சை. உண்மையான ரீஸ்லிங்குக்கு அன்று 'ரைன் ரீஸ்லிங்' என்று பெயர். லியோ பியூரிங் நிறுவனத்தில் ஒயின் தயாரிப்பாளர் ஜான் விக்கரி 1960-களிலும் 70-களிலும் செய்த வாட்டர்வேல், ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்குகள்தான் இந்த நாட்டு ரீஸ்லிங் எத்தனை காலம் நிற்கும் என்பதை உலகுக்குக் காட்டின. சாற்றைக் குளிரவைத்து, காற்றுப் படாமல் கையாண்ட சுத்தம்தான் அவர் கைவண்ணம். அவற்றில் ஒன்றை ருசிக்கும் வாய்ப்பு நம் வட்டத்துக்கு இன்னும் அமையவில்லை.

ஜெர்மனியின் மோசல், பிரான்சின் அல்சாஸ் உலர் ரீஸ்லிங்குகளுக்கான மாலை ஒன்றும் நடந்தது. நல்ல ஒயின்கள்; ஆனால் எல்லாமே இளசு, நம் பொருளோடு ஒட்டவில்லை.

ஆண்டு விருந்தில் உணவோடு பொருத்திப் பார்த்தோம். முதிர்ந்த ரீஸ்லிங்குக்கு யாழ்ப்பாணத்து உறுப்பினர்கள் வைத்த மீன் சொதிதான் அன்று முதலிடம். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு அழகாக வெட்டியது. வெண்ணெயில் பொரித்த வைட்டிங் மீனும் சேர்ந்தது. காரக் குழம்போடு மட்டும் சேரவில்லை: காரமும் அமிலமும் மோதி, தேன் வாசனை காணாமல் போனது. புளிக்குழம்புக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

செயற்குழு பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள் இவை. 2025 அறுவடையில் வாட்டர்வேலிலிருந்து ஒரு பெட்டி, ஈடன் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பெட்டி வட்டத்தின் பேரில் வாங்கி நிலவறையில் வைப்பது. இவ்வளவு வறண்ட ஆண்டின் பழம் எப்படி முதிர்கிறது என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே மாதத்தில் திறந்து, ஒரே படிவத்தில் குறிப்பெழுதிச் செயலாளரிடம் சேர்ப்பது. ஒவ்வோர் உறுப்பினரும் வீட்டில் குறைந்தது மூன்று பாட்டிலாவது ஒதுக்கி, 2030-க்கு முன் தொடாமல் வைப்பது. இதில் மூன்றாவது கட்டாயமல்ல, வேண்டுகோள். இருந்தாலும் என் மனம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ருசிக்கும் கூட்டங்களில் துப்பும் கிண்ணம் பயன்படுத்துவதும், வண்டி ஓட்டுபவர் விழுங்காதிருப்பதும் தொடரும் விதிகள். கிளாஸ் கழுவிய இளைஞர்களுக்கும், பழைய பாட்டில்களை மனமுவந்து திறந்த மூத்தவர்களுக்கும், நிலவறையில் இடம் கொடுத்த குடும்பத்துக்கும் வட்டத்தின் நன்றி. புதிய செயற்குழுத் தேர்தல் இந்த அறிக்கைக்குப் பின் நடக்கும். போட்டியிட விரும்புவோர் தேநீர் இடைவேளைக்குள் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்