மருத்துவமனை பில்லிங் பிரிவுக்கு: அந்தக் கணக்கைத் திரும்பப் பெறுங்கள்

பில்லிங் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளின் கை முறிவுக் கணக்கு எது என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஆட்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இப்போது எங்களிடம் இல்லை, கலெக்‌ஷன் ஏஜென்சியைக் கேளுங்கள்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். கடன் வசூலிக்கும் அந்த ஏஜென்சியைக் கேட்டால், தொகை மட்டும்தான் தெரியும், விவரம் மருத்துவமனையிடம் என்கிறார்கள். சரி, விவரத்தை நானே சொல்கிறேன்.

சிகிச்சை நடந்தது 2023-ல். எங்கள் இன்சூரன்ஸ் உங்கள் மருத்துவமனையோடு ஒப்பந்தம் உள்ளதுதான். உங்கள் பிரிவு க்ளெய்மைக் காலக்கெடு தாண்டி அனுப்பியது, அவர்கள் நிராகரித்தார்கள். அதற்கு இன்சூரன்ஸிடமிருந்து எங்களுக்கு வந்த விளக்கத் தாளின் கடைசிக் கட்டத்தில் 'நோயாளி செலுத்த வேண்டியது: 0.00' என்று அச்சாகியிருக்கிறது. தாமதம் மருத்துவமனையுடையது, ஒப்பந்தப்படி எங்களிடம் வசூலிக்க முடியாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் போனிலும் சொன்னார்கள். ஏஜென்சியின் கடிதத்திலோ 1,840 டாலர். எக்ஸ்ரேக்கு எவ்வளவு, மாவுக்கட்டுக்கு எவ்வளவு, டாக்டருக்கு எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது, 'மருத்துவச் சேவை' என்று போட்டு மொத்தத் தொகை, அவ்வளவுதான்.

1977-ம் ஆண்டின் அமெரிக்கக் கடன் வசூல் சட்டம் தரும் 30 நாளுக்குள் எழுத்து மூலம் மறுத்தேன், ஆதாரம் கேட்டேன். ஆதாரம் என்று வந்தது அதே தொகை அச்சடித்த இன்னொரு தாள். அப்புறம் போன். மீட்டிங் நடுவில் அழைத்து, யார் பேசுகிறோம் என்று சொல்வதற்கு முன்பே என் பிறந்த தேதியையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கத்தையும் கேட்கிறார்கள். ஒரு அம்மையார் ரொம்பக் கனிவாக, "நல்லெண்ணத்துக்கு 25 டாலர் மட்டும் கட்டுங்களேன்" என்றார். பல மாநிலங்களில் பழைய கடனுக்கு ஒரு சிறு தொகை கட்டினாலே வழக்குப் போடும் காலக்கெடு புதிதாகத் தொடங்கிவிடும். அதை அவர் சொல்லவில்லை.

இந்தக் கடன் 500 டாலருக்குக் கீழே இருந்திருந்தால் 2023 முதல் அமலில் உள்ள ஏற்பாட்டின்படி கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது என் கடன் வரலாற்று அறிக்கையில், ஏறியே இருக்காது. இது ஏறிவிட்டது, வீட்டுக் கடன் அதிகாரி விளக்கம் எழுதித் தரச் சொல்கிறார். மருத்துவக் கடனே ரிப்போர்ட்டில் வரக்கூடாது என்று 2025 ஜனவரியில் ஒரு விதி வந்தது, ஜூலையிலேயே டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சந்தோஷப்படக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறது.

நீங்கள் லாப நோக்கமற்ற மருத்துவமனை, வரிவிலக்கும் உண்டு. முதல் பில் அனுப்பி 120 நாளாவது ஆகாமல் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றக்கூடாது, நிதியுதவி பற்றி முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கான விதிகள். அந்த முதல் பில் நாங்கள் எப்போதோ காலி செய்த வீட்டுக்குப் போனதாம். ஆனால் 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்' என்ற மெசேஜ் சிகிச்சை நடந்த அன்று சாயங்காலமே என் போனுக்கு மிகச் சரியாக வந்து சேர்ந்தது. அந்த மெசேஜ் அனுப்புகிறவரை பில்லிங்குக்கு மாற்றிப் பார்க்கலாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது தள்ளுபடி இல்லை, தவணையும் இல்லை. அந்தக் கணக்கை ஏஜென்சியிடமிருந்து திரும்பப் பெறுங்கள். பாக்கியை 0 ஆக்குங்கள். கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலிருந்தும் நீக்கச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதி, நகலை எனக்கும் அனுப்புங்கள். விளக்கத் தாளின் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் இதே தாள்களை மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு அனுப்புவேன். அதற்கு முன் திரும்பப் பெற்றுவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
அந்தச் சிறுமியின் அப்பா