கண்காட்சி முடிந்த மறுநாள் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில்நுட்பக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் நிறுவனத்தின் காசில் ஊர் சுற்றுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் பொரிந்து தள்ளியிருந்தார். ஜனவரிதோறும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் என்ற மின்னணுச் சாதனக் கண்காட்சியில் எங்கள் நிறுவனத்தின் ஸ்டாலில் நிற்கிறவள் நான். ஊர் சுற்றுகிறோம், அதில் பொய்யில்லை. எப்போது, யார் காசில் என்பதில்தான் அவரோடு எனக்கு வழக்கு.

கண்காட்சி நாளின் கதையை முதலில் கேளுங்கள். கூட்டம் வருமுன் கருவிகளை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பிறகு மாலை ஆறு மணி வரை, கம்பளத்துக்கு அடியில் கான்கிரீட் என்பதைக் குதிகால் உணரும்படி நின்றுகொண்டு, ஒரே விளக்கத்தை அப்போதுதான் புதிதாகச் சொல்கிற முகத்தோடு ஒப்பிக்க வேண்டும். கண்காட்சி நடக்கும் மாநாட்டு மையத்தில் ஒரு மண்டபத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களைக் கொண்டுபோக 2021-இல் சுரங்கம் தோண்டிக் கார் ஓட்டத் தொடங்கினார்கள் என்றால் நடை எவ்வளவு என்று பாருங்கள். 2020-இல் அங்கே வந்தவர்கள் 1,70,000 பேருக்கும் மேல். 2018-இல் மட்டும், மின்னணுச் சாதனங்களின் அந்தத் திருவிழாவில் மின்சாரமே போய், மைய மண்டபம் இரண்டு மணி நேரம்போல இருட்டில் கிடந்தது. ஸ்டால்காரர்களுக்குக் கண்காட்சி நேரத்தில் ஓய்வு கிடைத்தது என்றால் அப்போதுதான் இருக்கும்.

ஆறு மணிக்குப் பிறகு விருந்துகள் தொடங்கும். எங்கள் கணக்குப் பிரிவில் இவை ‘பொழுதுபோக்கு’ என்ற தலைப்பில் ஏறுகின்றன. எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. பகலில் ஸ்டாலில் “சீக்கிரம் வந்துவிடும்” என்று சிரித்த சிப் விற்பனையாளர், இரவு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சரக்கு வர ஆறு மாதமாகும் என்ற உண்மையைச் சொல்வார். எங்கள் அடுத்த ஆண்டுத் திட்டமே அந்த ஒரு வாக்கியத்தில் தலைகீழாகும். இதை வேலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? வேலைதான் என்பதால் எனக்கொரு மனக்குறையும் உண்டு. குடிக்காதவர்களும், நள்ளிரவில் தனியாக விடுதி திரும்பத் தயங்கும் பெண்களும், காலையில் ஸ்டாலைத் திறக்க வேண்டிய இளையவர்களும் அந்த உண்மையைக் கேட்கிற இடத்தில் இருப்பதில்லை. காலை உணவு வேளையில் சந்திக்கலாமே என்று நான் கேட்டால், மேலாளர்கள் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

கண்காட்சிக்குள்ளேயே கேளிக்கையைக் கலந்து பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் ஹனோவரில் நடந்த செபிட் என்ற கணினிக் கண்காட்சிக்கு 2001-இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பிறகு கூட்டம் வற்றியது. 2018-இல் அதை மார்ச்சிலிருந்து ஜூனுக்கு மாற்றி, ராட்சத ராட்டினம் நிறுத்தி, இசை நிகழ்ச்சி வைத்தார்கள். சுமார் 1,20,000 பேர் வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். ராட்டினத்தின் மேல் பழியைப் போட மாட்டேன், நோய் முற்றிய பிறகு வந்த மருந்து அது. ஆனால் வாங்க வந்தவர் வாங்கத்தான் வருகிறார்.

எனவே ஊர் சுற்றுவதைக் கண்காட்சி முடிந்த மறுநாள் வைத்துக்கொள்ளட்டும் என்கிறேன். 2024 முதல் 2026 வரை சிஇஎஸ் செவ்வாயில் தொடங்கி வெள்ளி மாலை முடிந்தது. சனியும் ஞாயிறும் எப்படியும் விடுமுறை. ஆனாலும் பயணத்தை ஒரு நாள்கூட நீட்டிக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. பலன் என்ன? மூன்றாம் நாள் மதியம் ‘வாடிக்கையாளர் சந்திப்பு’ என்று சொல்லிவிட்டு ஒருவர் மறைகிறார். மாலையில் பார்த்தால் அவருடைய கைப்பேசியில் ஹூவர் அணை. அது ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம், மன்னித்துவிடலாம். கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்புக்குப் போக மட்டுமே நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். அங்கே விடியுமுன் கிளம்பி இரவில் திரும்பியவர் மறுநாள் ஸ்டாலில் நின்றபடியே தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். விசாரித்து வந்தவர்கள் நாசூக்காக அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தார்கள்.

அமெரிக்க விசாவோ பெரும்பாலும் பி1/பி2 என்று சேர்த்தே வருகிறது. முன்னது வணிகம், பின்னது சுற்றுலா. அந்த நாட்டு அரசாங்கத்துக்கு இல்லாத சங்கடம் எங்கள் கணக்குப் பிரிவுக்கு எதற்கு?

காசு விஷயத்தில் நான் கறார்தான். திரும்பும் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமையில் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம் ஊழியருடையது. வெள்ளி இரவுக்குப் பிந்தைய அறை வாடகை, வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் அவருடைய சொந்த அட்டையில் போகட்டும். பயணக் காப்பீடு அந்த நாட்களுக்கும் செல்லுமா என்று கிளம்புமுன்பே கேட்டுவிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மாதிரிக் கருவிகளைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு மலை பார்க்கப் போகக் கூடாது. அவை வெள்ளிக்கிழமையே கூரியரில் கிளம்பிவிட வேண்டும். சந்தித்தவர்களின் பட்டியலும் குறிப்புகளும் அன்றிரவே அலுவலகம் போய்ச் சேரட்டும்.

இதையெல்லாம் செய்த ஊழியர், விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் ‘கிராண்ட் கேன்யன்’ என்று எழுதினால், மேலாளர்கள் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
மின்னணுப் பொறியாளர் ஒருவர்
(மேலாளரும் இந்த நாளிதழைப் படிப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்)