பல்டாக்டர் போய்விட்டார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நம்ம பல்டாக்டர் தவறிப்போனதைப் போனில் சொன்னபோது, "ஒரு பல்டாக்டருக்காகவா கடைவீதி முழுக்கக் கதவடைத்தார்கள்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் அங்கே குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. எனக்கும் இந்த மாதிரி விஷயமெல்லாம் போனில் கோவையாகச் சொல்ல வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ பிறப்பதற்கு முன்பே நான் அவர் க்ளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். டாக்டர் மெட்ராஸில் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அப்போது நம்ம பக்கத்தில் பல்லுக்கென்று தனியாக டாக்டர் யாரும் கிடையாது. பல் வலித்தால் கிராம்பை வைத்துக் கடிப்போம், தாங்கவே முடியாவிட்டால் தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறுவோம். படித்து முடித்தவர் எதற்கு இந்த ஊரில் வந்து போர்டு மாட்டினார் என்று எல்லோருக்குமே சந்தேகம். மெட்ராஸில் ஓடாத டாக்டராக இருக்கும் என்றுகூடப் பேசினார்கள்.

வேலை எல்லாம் அவர்தான் கற்றுக்கொடுத்தார். இப்போது போல அப்போது பல் நிறத்தில் அடைப்பு கிடையாது, வெள்ளி அடைப்புதான். வெள்ளியும் தகரமும் கலந்த பொடியைச் சின்னக் கல்வத்தில் போட்டு, பாதரசம் விட்டு, நான் அரைத்துக் கொடுக்க வேண்டும். பதம் வந்ததும் துணியில் வைத்துப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் முத்து முத்தாக வெளியே வரும். அந்த முத்து ஒன்றுகூடத் தரையில் உருளக் கூடாது. தண்ணீர் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் பிடித்து மூடிவிட வேண்டும். கையில் தொட்டால் அவ்வளவுதான், திட்டு விழும். டாக்டர் அடைப்பைக் குழியில் வைத்து அழுத்தும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும் பார், அது வந்தால்தான் கலவை சரி.

பல் பிடுங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே பயம்: மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். இல்லை என்று அவர் வாதாடவே மாட்டார். ஊசி போடுவதற்கு முன் சுவரில் இருக்கிற தினசரி காலண்டரைக் காட்டி, "ராகுகாலம் எத்தனை மணிக்கு, படி" என்பார். பிடுங்கி முடித்துப் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்ன பிறகு, "இப்போ எமகண்டம் படி" என்பார். வாயில் பஞ்சோடு அவர்கள் படிக்கிறதைக் கேட்டு வெளியே காத்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது சாமி படம், எந்த சாமி என்று சொன்னால் போதும்.

நல்ல மனுஷன் என்பதற்காகக் குறையே இல்லாதவர் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் மூக்கின்மேல் இருக்கும். புகையிலை அடக்குகிறவர்களைப் பலர் முன்னால் வைத்தே கண்டபடி பேசுவார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் திட்டு இருந்தால் கையோடு சீட்டு எழுதி அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகச் சொல்வார். அது சரி. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பயந்தே சில பேர் திரும்ப வராமல் போனார்கள், அதில் இரண்டொருவர் விஷயம் கடைசியில் நல்லபடியாக முடியவில்லை. கொஞ்சம் தணிந்து சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவரிடமே சொல்லியும் இருக்கிறேன்.

கடையடைப்புக்குக் காரணம் இதெல்லாம் இல்லை. நம்ம ஊர்ப் பல்தான் காரணம்.

நம்ம ஜில்லாக்காரர்களை வெளியூரில் பல்லைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உன் தாத்தா சொல்வார். பழுப்புப் பல், அங்கங்கே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் வாயைத்தான் பார்ப்பார்கள். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று குச்சியை வைத்துத் தேய்த்தார்கள், சாம்பலை வைத்துத் தேய்த்தார்கள், செங்கல்லை இடித்து அந்தப் பொடியில் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க எனாமல்தான் போனது, கறை போகவில்லை. பல் விளக்காத ஊர் என்று பேர் வந்தது மட்டும் மிச்சம். படித்தவர்களும் அப்படித்தான் பேசினார்கள். வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து, "பல் தேய்த்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

டாக்டர் வந்த புதிதில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார். ஒரு நோட்டில் பேர், வயது, தெரு, எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று எழுதுவேன், பக்கத்தில் அவர் கறையின் அளவைக் குறிப்பார். கிணற்றுத் தண்ணீர் குடித்த தெருவில் கறை லேசு. ஆழமாக போர் போட்ட தெருவில் அடர்த்தி. பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் குடிநீர் வாரியத்தின் லேபுக்கு அனுப்பினார். இந்தக் கறையை உண்டாக்குவது தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு என்ற உப்பு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது போகக் கூடாது என்பது கணக்கு. நம்ம போர் தண்ணீரில் அதைத் தாண்டித்தான் வந்தது. பாறைக்குள் இருக்கிற ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. ஆழம் போகப் போக, தண்ணீர் பாறையோடு கிடக்கிற காலம் கூடும், ஃப்ளோரைடும் கூடும். காய்ச்சினால் சரியாகிவிடுமா என்று கேட்காதவர்கள் கிடையாது. தண்ணீர் ஆவியாகுமே தவிர ஃப்ளோரைடு அப்படியே நிற்கும், இன்னும் கெட்டியாகத்தான் ஆகும் என்று அவரும் சலிக்காமல் சொல்வார். இதில் மட்டும் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

கறைப்பல்லோடு வருகிறவர்களிடம் முதலில் அவர் சொல்வது, "இது அழுக்கு இல்லை, உங்க தப்பும் இல்லை. பல் ஈறுக்குள் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை" என்பதுதான். அதைக் கேட்டு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தவர்கள் அவர்கள். அத்தனை வருஷத்தில் ஒருத்தர் வந்து அது உன் தப்பில்லை என்று சொன்னதில்லை.

அமெரிக்காக் கதை ஒன்று வைத்திருந்தார். காத்திருக்கிறவர்களுக்கு அடிக்கடி சொல்வார், எனக்கு மனப்பாடம். 1901-இல் ஃப்ரெடெரிக் மெக்கே என்ற பல்டாக்டர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போனாராம். அங்கேயும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பு. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்களே தவிர யாருக்கும் உண்மை தெரியாது. இவர் விடவில்லை. ஓக்லி என்ற ஊரில், புதிதாகக் குழாய் போட்ட பிறகுதான் கறை வந்தது என்று தாய்மார்கள் சொன்னதைக் கேட்டு, ஊற்றை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகு பல் முளைத்த பிள்ளைகளுக்குக் கறை இல்லை. ஆனாலும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிய 1931 ஆகிவிட்டது. ஒரு அலுமினியக் கம்பெனியின் கெமிஸ்ட் சோதித்துப் பார்த்து ஃப்ளோரைடு என்றார். 1937-லேயே நெல்லூர்ப் பக்கம் இந்த நோய் இருக்கிறதென்று எழுதிவிட்டார்கள், அன்றைக்கு அது நம்ம மெட்ராஸ் மாகாணம்தான். "தெரிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, தண்ணியை மாத்தத்தான் ஆளில்லை" என்று முடிப்பார்.

இத்தனைக்கும் காவிரி நமக்கு எட்டாத தூரத்திலா இருக்கிறது? ஊருலகமே ஒகேனக்கல்லுக்கு வந்து அருவியில் குளித்துவிட்டுப் போகிறது, பக்கத்தில் இருக்கிற நாம் குடித்தது போர் தண்ணீர். டாக்டர் அந்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஆபீஸ் ஏறினார் என்று எனக்குத் தெரியும். அவரால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது என்று ஊரில் சிலர் இப்போது பேசுகிறார்கள். அது அதிகப்படி. ஜப்பான் கடனோடு 1,900 கோடிக்கு மேல் போட்டுச் செய்த வேலை, எத்தனையோ பேர் கேட்டு, 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள். ஆனால் நம்ம தெருக் குழாயில் காவிரி வந்த அன்று, க்ளினிக்கை மூடிவிட்டுக் குழாயடியில் வந்து நின்று ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார். "இனி முளைக்கிற பல்லைப் பார்க்கணும்" என்றார். குழாய் வராத நாளில் பழையபடி போர் தண்ணீரைத் தூக்கிப் போகிற வீடுகளை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டதும் அவர்தான்.

உன் பல் விஷயம் உனக்கு நினைவிருக்கும். எட்டாவது படிக்கும்போதே சரி பண்ணச் சொல்லி நீ அடம் பிடித்தாய். ஈறு நிலைக்கட்டும், அவசரப்படாதே என்று உன்னைக் காலேஜ் வரைக்கும் காக்கவைத்தார். அப்புறம் மேலாகத் தேய்த்தெடுத்து, போகாத இடத்தில் பல் நிறப் பூச்சு வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுகவைத்தார். நிறம் பார்க்க உன்னைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனாரே, ட்யூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும் என்று. வரிசையாக அந்தப் பல் மாதிரிகளை உன் உதட்டோரம் வைத்து வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் வெள்ளையானதை நீ கேட்க, "பக்கத்துப் பல்லோடு சேரணும்டா, இது சினிமா பல்" என்று ஒதுக்கிவிட்டார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வாங்கி வைத்த மருந்துக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

கடைசி வரைக்கும் படுக்கையில் விழவில்லை. முதல் நாள்கூட ஒரு பாட்டிக்குப் பல்செட் கடி பார்த்து, உறுத்துகிற இடத்தைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். ராத்திரி நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. கடையை அடைக்கச் சொல்லி யாரும் மைக்கில் சொல்லவில்லை, அவரவரே இறக்கிக்கொண்டார்கள்.

டாக்டரின் மனைவி, மகன் வீட்டுக்குப் போகப் போகிறார். பழைய நோட்டுகளைப் பிரித்து அடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். ஆராய்ச்சி செய்கிற யாராவது கேட்டால் கொடுக்கலாமா, அதில் பிள்ளைகள் பேரெல்லாம் இருக்கிறதே என்று யோசிக்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், இதற்கு என்ன முறை என்று கேட்டுச் சொல். அடுத்த வாரம் வரைக்கும் அவர் இங்கேதான் இருப்பார், அதற்குள் ஒரு போன் போட்டு அவரிடமும் பேசிவிடு. அம்முவுக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, நூல் கட்டி இழுக்காதீர்கள், தானாக விழட்டும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், விழுங்கவிடாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா