காற்று சீட்டும் என் முதுகும்

அன்புள்ள முருகேசா,

நலமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாம் இருவரும் டயரைவிட முதுகைத்தான் அதிகம் தேய்த்திருக்கிறோம்.

போன மாதம் எனக்குப் புது டிப்பர் கொடுத்தார்கள். டிரைவர் இருக்கையைக் காற்றுப் பை தாங்கும் காற்று சீட்டு, கேபினுக்கே தனி சஸ்பென்ஷன். கிளட்ச் மிதியே கிடையாது. நம் பழைய வண்டி ஞாபகம் இருக்கிறதா? ஒரு கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்சை மிதிப்போம். பக்கத்தில் இன்ஜின் மூடி அடுப்பு மாதிரி காயும். லோடு இருந்தாலாவது அடியில் உள்ள ஸ்பிரிங் பட்டை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். காலியாகத் திரும்பும்போதுதான் உயிர் போகும். முழு எடைக்கென்று போட்ட பட்டை வெறும் வண்டிக்கு அசையுமா?

ஆனால் கேள், புது வண்டியிலும் மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. குழிக்குக் குழி சீட்டு அடிவரை போய் 'டங்' என்று இடித்தது. அப்புறம்தான் தெரிந்தது, ராத்திரி ஷிப்டு பையன் தன் எடைக்கு வைத்த காற்றை நான் மாற்றவே இல்லை. அவன் ஒல்லிக்குச்சி. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

காற்றை ஏற்றி, சீட்டு மேலேயும் கீழேயும் இடிக்காமல் நடுவில் நிற்கும்படி வைத்தேன். வலி குறைந்தது. உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு, நொடிக்குச் சுமார் 5 தடவை வரும் குலுக்கலுக்குத்தான் அதிகம் ஆடுமாம். காற்று சீட்டின் சொந்த ஆட்டம் 1, 2 தடவைதான். அதனால் அந்தக் குலுக்கல் பெரும்பாலும் அடியிலேயே அடங்கிவிடுகிறது. வேலையில் உடம்பு எவ்வளவு குலுங்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே வரம்பு கட்டியிருக்கிறது. நம் காலத்தில் அதை அளந்தது முதுகு மட்டும்தான்.

குறையும் உண்டு. ஏசியைக் கூட்ட திரையைத் தொட வேண்டும். மேடுபள்ளத்தில் விரல் வேறு எங்கோ படுகிறது. பழைய திருகு கண்ணை மூடிக்கொண்டே கைக்கு வரும். எதற்கெடுத்தாலும் 'பீப்' வேறு.

நீ அந்தப் பழைய வண்டியை விடமாட்டாய், தெரியும். சரி, சீட்டை மட்டுமாவது மாற்று. ஏர் பிரேக் வண்டிதானே, அந்தக் காற்றையே எடுக்கலாம். ஆனால் சீட்டுக் குழாய் கசிந்தாலும் பிரேக் காற்று குறையாதபடி நடுவில் பாதுகாப்பு வால்வு போடச் சொல். மெக்கானிக் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் சேகர்