லேப் பார்ட்னருக்கு, அந்த ரூட் 2 பற்றி

அன்புள்ள லேப் பார்ட்னருக்கு,

உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. தனியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நாம் பேசாமல் இருந்த மூன்று செமஸ்டரும் நம் இயற்பியல் வகுப்பில் மற்ற பத்துப் பேரும் நம்மோடு சேர்ந்துதான் கஷ்டப்பட்டார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

அந்தக் குவாண்டம் அசைன்மெண்ட் உனக்கு மறந்திருக்காது. ஐந்தாவது கணக்கு. ஆர்பிட்டல் கோண உந்தம் (ஒரு துகளின் சுற்றும் இயக்கத்தின் அளவு) 1, ஸ்பின் (அதன் உள்ளார்ந்த கோண உந்தம்) 1/2, இரண்டையும் கூட்ட வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். "அஞ்சாவது முடிச்சிட்டியாடி?" என்று கேட்டாய். "இல்லடி, இன்னும் தொடவே இல்ல" என்றேன். முடித்து, மூன்று பக்கம் ஃபேர் காப்பியும் எழுதி, நான் சாய்ந்திருந்த தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. நீ உன் நோட்டை நீட்டி, "இது சரியா வருதா பாரு" என்றாய். பார்த்தேன். ஒரு நிலையிலிருந்து அடுத்த கீழ் நிலைக்கு இறக்கும் லோயரிங் ஆபரேட்டர் போட்ட இடத்தில், பெருக்க வேண்டிய ரூட் 2 (இரண்டின் வர்க்கமூலம்) விட்டுப்போயிருந்தது. அது இல்லாமல் கடைசி வரியில் இரண்டு நிலைக்கும் நிகழ்தகவு பாதிக்குப் பாதி என்று வந்து நின்றது. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று வர வேண்டிய விடை. தப்பான விடை அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால் உனக்குச் சந்தேகமே வரவில்லை. என் விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. "சரியாத்தான் இருக்கும் போல" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

பேப்பர் திரும்பி வந்த அன்று, எங்கே தவறினோம் என்று பார்க்க என்னுடையதை வாங்கிப் பார்த்தாய். பக்கத்தின் மேலே தேதியும் நேரமும் எழுதுவது என் பழக்கம். 9.40 என்று இருந்தது. நீ எதுவும் கேட்கவில்லை. பேப்பரை மடிக்காமல், கசக்காமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாய்.

ஏன் அப்படிச் செய்தேன்? 12 பேர், ஒருவர் மார்க்கை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடும் ரிலேட்டிவ் கிரேடிங், மேல் கிரேடு இரண்டு பேருக்குத்தான். உனக்கு ஏறினால் எனக்கு இறங்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை சின்ன வகுப்பில் அப்படி கிரேடு போடுவது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவளையே போட்டியாகப் பார்க்க வைக்கும். ஆனால் அதே கிரேடிங்கில்தான் நீயும் இருந்தாய். நீ என்னிடம் ஒரு நோட்டைக்கூட மறைத்ததில்லை. அதனால் பழியை அதன் மேல் போட்டுவிட்டு நான் நகர முடியாது.

அப்புறம் நடந்ததைப் பற்றி நாம் பேசியதே இல்லை. 12 பேர் என்றால் 66 ஜோடி. அதில் ஒன்று முறிந்தால் மீதி 65 அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். நீ லேப் பார்ட்னரை மாற்றிக் கேட்டாய். ஆறு மேஜை, ஆறு ஜோடி. நம்மைப் பிரிக்க வேண்டும் என்றால் இன்னொரு ஜோடியையும் பிரித்தாக வேண்டும். கடைசி மேஜையில் ஒரு சண்டையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்த அந்த இரண்டு பேரில் ஒருத்தி என்னிடம் வந்தாள். முதல் மூன்று வாரம் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. குரூப் இரண்டானது. நம்மோடு படித்த காதல் ஜோடி பிரிந்தபோதுகூட வகுப்பு இந்த அளவுக்கு உடையவில்லை. பெரிய வகுப்பாக இருந்தால் வேறு வரிசைக்குப் போய் உட்காரலாம். நமக்கு இருந்தது ஒரே வரிசைதான்.

படிப்பு முடிந்த பிறகு ஒன்று படித்தேன். 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஊரி டிரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர், கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் திணறுகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். ஆர்வம் இல்லை, வீட்டுச் சூழல் சரியில்லை என்றெல்லாம் உடன் வேலை செய்தவர்கள் காரணம் சொன்னார்கள். அவர் 20 கறுப்பின மாணவர்களையும் நன்றாகச் செய்துகொண்டிருந்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. நன்றாகச் செய்தவர்கள் தனியாகப் படித்துவிட்டு, அப்புறம் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சோதித்தார்கள். மற்றவர்கள் கடுமையாகவே உழைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் தனியாக. படித்தபோது கட்டில் ஓரத்தில் நீ நோட்டை நீட்டியதுதான் கண்ணில் வந்தது. அதற்குப் பிறகு என் கணக்கை எடுத்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த இரண்டு செமஸ்டரும் என் மார்க் எப்படி இறங்கியது என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று. ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டுமாம். நமக்கு லேப் மட்டுமே வாரத்துக்கு ஒன்பது மணி நேரம், 15 வாரத்தில் 135. ஆனால் சேர்ந்து வேலை செய்யும் நேரம் அந்த அளவுக்கு ஒட்டாது, வேலை இல்லாமல் சும்மா சேர்ந்திருக்கும் நேரம்தான் ஒட்டும் என்கிறார். சரி என்றுதான் படுகிறது. லேபில் அளவெடுத்தது எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. லேப் திறக்கும் வரை மாடிப்படியில் உட்கார்ந்து, உன் செருப்பு வாரை ஊக்கு வைத்து நான் சரிசெய்து கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

கடைசி பிராக்டிகலுக்கு வருகிறேன். எனக்கு, ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் விழுந்தது. அதன் வட்ட ஸ்கேலில் எடுத்த வெர்னியர் ரீடிங் இரண்டையும் கழித்தால் முந்நூற்றுச் சொச்சம் டிகிரி என்று வந்தது. மூன்று தடவை எடுத்தேன், அதேதான். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து மேஜையில் நீ. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், ஸ்கேலில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: "ஜீரோவைத் தாண்டுது. முந்நூத்தி அறுபது கூட்டிக்க."

மூன்று செமஸ்டரில் நீ என்னிடம் பேசியது அவ்வளவுதான். சின்ன ரீடிங்கோடு கூட்டிவிட்டுக் கழித்தேன், சரியாக வந்தது. வெளியே வந்து தேடினேன், நீ போய்விட்டிருந்தாய்.

அந்த நன்றியை இப்போது சொல்கிறேன். அஞ்சாவது கணக்கை அன்றைக்கு ராத்திரி நான் முடித்துவிட்டேன். நீ ரூட் 2 விட்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன். என்னை மன்னித்துவிடு.

உன் பழைய லேப் பார்ட்னர்