ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஜப்பானிய மொழி கற்பித்து இளைஞர்களை அந்நாட்டு வேலைகளுக்கு அனுப்பிவரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டே, புதிதாக வந்து சேரும் நம் பிள்ளைகளுக்கு நகராட்சி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் துணையாகச் சென்றுவருபவன் நான். 2019இல் தொடங்கிய ‘தொக்குதேய் கினோ’ என்னும் திறன் பணியாளர் விசாவில் வருபவர்களே அவர்களில் பலர். இரு நாடுகளும் 2025 ஆகஸ்டில் அறிவித்த செயல்திட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளில் 50,000 இந்தியத் திறன் பணியாளர்கள் இங்கு வரக்கூடும் என்பதால், இப்போதே இதைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

என்4 என்னும் ஜப்பானிய மொழித் தேர்வுக்கு நீங்கள் தரும் பயிற்சியில் எனக்குக் குறையில்லை. தேர்வில் கேட்கப்படாத, ஆனால் மாதந்தோறும் வாழ்க்கையைத் தொடுகிற செய்திகள் எதுவும் உங்கள் வகுப்புகளில் இடம்பெறுவதாகத் தெரியவில்லை என்பதே என் கவலை. குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரியைப் பதிவு செய்வது, வசிப்பு அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது, குப்பையைப் பிரித்து அதற்குரிய நாளில் வைப்பது போன்றவற்றை இங்கு வந்த சில நாட்களிலேயே கற்றுக்கொள்ளலாம். உடன் வேலை செய்பவர்களே சொல்லித் தருவார்கள்.

பணம் தொடர்பானவை அப்படியல்ல. ‘ஜூமின்சே’ என்னும் குடியிருப்பு வரி முந்தைய ஆண்டின் வருமானத்தில் கழிவுகள் போக மீதமுள்ள தொகைக்குச் சுமார் பத்து விழுக்காடாகக் கணக்கிடப்பட்டு, ஜூன் மாதம் முதல் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. முதல் ஆண்டில் அந்தப் பிடித்தமே இருப்பதில்லை. கையில் வரும் தொகையை நிரந்தரம் என்று நம்பி, ஊரில் வாங்கிய கடனுக்கு மாதத் தவணையை முடிவு செய்துவிட்ட பிள்ளை, இரண்டாம் ஆண்டு ஜூனில் சம்பளம் குறைந்ததும் முதலாளி ஏமாற்றுகிறார் என்றே எண்ணுகிறான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஓய்வூதியப் பிடித்தமும் அப்படித்தான். சம்பளத்தில் 9.15 விழுக்காடு அதற்குப் போகிறது. குறைந்தது ஆறு மாதம் செலுத்தியவர், நாடு திரும்பிய இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால், அதில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். அந்தத் தொகையில் பிடிக்கப்படும் 20.42 விழுக்காடு வரியையும், புறப்படும் முன்பே, தன் சார்பில் வரி வேலைகளைக் கவனிக்க இங்கு ஒரு வரிப் பிரதிநிதியை நியமித்திருந்தால் கேட்டுப் பெற வழியுண்டு. ஆனால் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள இந்திய–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ஓய்வூதியத் தகுதிக்கு இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் காட்ட நினைப்பவர், மொத்தமாகப் பெற்றுக்கொண்டால் ஜப்பானில் உழைத்த காலம் அந்தக் கணக்கில் வராது. எது தனக்கு நல்லது என்பதை அவரவர்தாம் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்வதற்குச் செய்தி முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

தொக்குதேய் கினோ விசாவில் ஆள் எடுக்கும் நிறுவனம், வருவதற்கு முன்பும் வந்த பின்பும் பணியாளருக்கு நன்கு புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும் என்பது ஜப்பானின் விதி. ஆனால் நான் சந்தித்த பிள்ளைகளில் பலருக்கு அது ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கிடைத்திருக்கிறது. புரியாமலேயே தலையாட்டிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வேலையிடத்தில் சிக்கல் வந்தால் அழைப்பதற்கு அரசு பல மொழிகளில் நடத்தும் தொலைபேசி ஆலோசனையிலும் தமிழ் இல்லை. இந்நிலையில், ஒப்பந்தம் பேசும்போதே தமிழில் விளக்கம் வேண்டும் என்று வேலை தரும் நிறுவனத்திடம் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தாம். தனியாக வரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையால் அதைக் கேட்க முடியாது.

ஆகவே, விசா கைக்கு வந்த பின் விமானம் ஏறும் வரை இருக்கும் நாட்களில், உண்மையான சம்பளச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொன்றையும் தமிழில் விளக்கும் வகுப்புகளை நடத்துங்கள். அந்த வகுப்புக்குப் பெற்றோரையும் அழையுங்கள். எவ்வளவு பணம் வரும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். அதற்கான பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர நானும் இங்குள்ள நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஜப்பானில் பணிபுரியும் ஒரு தமிழர்