பம்பாய் வெங்காயமும் எல் நினோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய மழையைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைக் கடையில் இருந்தபடியே வாசித்தேன். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வந்தால் இந்தியாவில் மழை பொய்க்கும், அங்கே பொய்த்தால் இங்கே வெங்காய விலை ஏறும் என்பதுதான் அதன் சாரம். பாதி சரி. மற்றப் பாதியை நம்பிச் சரக்கு எடுத்து ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பம்பாய் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கிறேன். இந்தியாவில் வெங்காயம் விளையும் நாசிக் பக்கம் மேகம் கறுத்தால் எங்கள் தெருவில் பேச்சு மாறும். 2019 ஜூனில் இந்தியா முழுவதற்குமான மழை வழக்கத்தைவிட 33 வீதம் குறைந்தது. இனி விலை ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் மூட்டைகளை அடுக்கினேன். வெங்காயம் என்ன, அரிசியா? ஓகஸ்டுக்குள் பாதி முளைத்தது, மிச்சம் அழுகியது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அப்புறம்தான் விலை ஏறியது! அதுவும் மழை இல்லாமல் அல்ல. செப்டெம்பர் முடிவில் கணக்குப் பார்த்தால் வழக்கத்தில் 110 வீத மழை. 1994 இற்குப் பிறகு அவ்வளவு பெய்ததில்லை. வெங்காயம் விளையும் இடங்களில் மழை கூடி அறுவடை பிந்தியது, செப்டெம்பர் 29 அன்று இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது.

அதற்குப் பிறகுதான் பசிபிக்கை மட்டும் பார்த்தால் போதாது என்று எனக்கு விளங்கியது. எல் நினோவில் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் சூடாகிறது. மேலெழும் காற்றும் மேகமும் அந்தப் பக்கம் நகர, நம் பக்கத்தில் காற்று கீழிறங்கி மழையை அமுக்குகிறது. இதெல்லாம் கட்டுரையில் சரியாகவே இருந்தது. ஆனால் 1997 எல் நினோ அந்த நூற்றாண்டின் மிகப் பலமானவற்றில் ஒன்று. அந்த வருஷம் இந்தியாவின் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மழை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட. 2002 இல் வந்தது அதைவிட எவ்வளவோ மெலிந்த எல் நினோ. மழையோ 19 வீதம் குறைந்தது, ஜூலை மாதம் ஏறக்குறையப் பாதிதான் பெய்தது. சூடு பசிபிக்கின் எந்தப் பகுதியில் குவிகிறது என்பது ஒரு காரணம். தென்னமெரிக்கக் கரையோரத்தில் குவிந்தால் இந்தியாவுக்கு அவ்வளவு பயமில்லை, நடுப் பசிபிக்கில் குவிந்தால்தான் அடி.

இரண்டாவது காரணம் நம் காலடியிலேயே இருக்கும் கடல். இந்து சமுத்திரத்தின் ஆபிரிக்கப் பக்கம் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிரும் வருஷங்கள் உண்டு. இருமுனை என்று சொல்வார்கள், 1999 இல்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. 1997 இலும் 2019 இலும் அது பலமாக இருந்தது. எல் நினோ பிடுங்குவதை அது சில வருஷங்களில் திருப்பிக் கொடுத்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலே வங்காள விரிகுடாவின் சின்னச் சின்னத் தாழமுக்கங்கள் இருக்கின்றன. எத்தனை உருவாகின்றன, எந்த வழியால் உள்ளே போகின்றன என்பதைப் பொறுத்து மத்திய இந்தியாவின் பருவமே மாறும். மழைப்பட்டை இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்து நின்றுவிட்டால் நடு இந்தியா காயும், அதே நாட்களில் அடிவாரத்தில் கொட்டும், தமிழ்நாட்டிலும் இடியோடு பெய்யும். அப்படி ஓர் இடைவெளி இரண்டு வாரம் நீண்டாலே வருஷக் கணக்கு குழம்பிவிடும். இந்தப் பகுதியை எந்தக் கடலின் சூட்டைப் பார்த்தும் மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொன்று. 'இந்தியாவின் மழை' என்று ஒரே எண்ணைப் போடுகிறார்களே, அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை சராசரி சுமார் 87 சென்ரிமீற்றர். பெரும்பாலான வருஷங்களில் அது பத்து வீதத்துக்குள்தான் கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். 2023 இல் வழக்கத்தின் 94 வீதம் பெய்தது. கேட்க அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்த 94 இற்குள்ளே 1901 இற்குப் பிந்திய மிக வறண்ட ஓகஸ்ட் இருக்கிறது, 34 வீதம் குறைந்த கேரளாவும் இருக்கிறது. அந்த டிசெம்பரிலும் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதை எங்கள் தெரு மறக்காது.

கட்டுரையில் என்னை மிகவும் உறுத்தியது கடைசிப் பந்தி. எல் நினோ என்றால் இலங்கைக்கும் வறட்சிதான் என்று போட்டிருந்தீர்கள். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கதை தலைகீழ். அந்த மாதங்களில் எல் நினோ நமக்கும் தமிழ்நாட்டுக்கும் மழையைக் கூட்டவே பார்க்கும். 2015 டிசெம்பரில் சென்னை மூழ்கியது பலமான எல் நினோ வருஷத்தில். அடுத்த வருஷம் எல் நினோ போய்விட்டது, இருமுனையும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. தமிழ்நாட்டில் வடகீழ்ப் பருவமழை 62 வீதம் குறைந்தது, இங்கே குளங்கள் வற்றிப் பெரும்போக நெல்லை விதைக்கவே முடியாமல் எத்தனையோ பேர் இருந்தார்கள். உங்கள் கட்டுரையை வாசித்த ஒரு விவசாயி ஒக்டோபரில் வயலை வெறுமனே விட்டுவிட்டால் யார் பொறுப்பு?

அடுத்த முறை எல் நினோ செய்தி போடும்போது எந்த மாதத்துக்கு, எந்தப் பக்கத்துக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
வெங்காய வியாபாரி ஒருவர்,
புறக்கோட்டை, கொழும்பு 11.